ரோலரில் அடித்த ஜீப்

போடி பக்கத்து மலைச்சாலைகளில் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளைப் பார்த்திருக்கிறவர்களுக்குத் தெரியும், அந்த வண்டியின் உடம்பில் வளைவு, நெளிவு என்று பெரிதாக எதுவும் கிடையாது. பானெட் தட்டை, மட்கார்டு தட்டை, பக்கத் தகடும் தட்டை. இரண்டாம் உலகப் போருக்காக அவசரமாகச் செய்த வில்லிஸ் ஜீப்பின் வம்சம் அது. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் மகிந்திரா நிறுவனம் அதை இங்கே பூட்டத் தொடங்கியது. பிற்பாடு வந்த எம்.எம். 540 வரைக்கும் அந்தத் தட்டையான வாகு மாறவில்லை. அப்படிப்பட்ட வண்டிக்கு வீட்டு வாசலிலேயே, நான்கு அங்குல ஃபோம் ரோலரால் பெயிண்ட் அடிக்கலாம். என் ஜீப்புக்கு அப்படித்தான் அடித்தேன். இந்த மாதிரி வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை என்றே நினைக்கிறேன்.

மோட்டார் வண்டி என்றாலே ஸ்ப்ரேதான் என்பது பின்னால் வந்த வழக்கம். முதல் கார்களுக்கு, அதற்கு முந்தைய குதிரை வண்டிகளுக்குச் செய்ததைப் போலவே, பிரஷ்ஷால்தான் வர்ணமும் வார்னிஷும் பூசினார்கள். ஒரு கோட்டிங் காய வேண்டும், அதைத் தேய்க்க வேண்டும், அதன் மேல் அடுத்தது. ஒரு கார் முடிய வாரக்கணக்கில் ஆகும். செய்து முடித்த வண்டிகள் காய்வதற்காகவே கிடங்கு கிடங்காக நின்றன. 1923இல் டூபான்ட் நிறுவனத்தின் டூகோ லாக்கர் ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் கார்களில் ஏறியதும் கதை மாறியது. அது நிமிடக் கணக்கில் காய்கிற பெயிண்ட். பிரஷ் வைத்து இழுத்தால் இழுத்த தடம் அப்படியே நின்றுவிடும். ஊதித்தான் அடித்தாக வேண்டும். ஊதுகிற கருவி அதற்கு முன்பே தயாராக இருந்தது. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து டொலீடோ நகரில் ஆலன் டிவில்பிஸ் என்ற டாக்டர், நோயாளிகளின் தொண்டைக்குள் மருந்தைத் தூவுவதற்காக ஒரு கருவி செய்தார். அவருடைய மகன் தாமஸ் அதையே பெயிண்ட் அடிக்கும் துப்பாக்கியாக வளர்த்தெடுத்தார்.

ஆக, ஸ்ப்ரே வந்தது தொழிற்சாலையின் வேகத்துக்காக. வாசலில் ஒரே ஒரு வண்டியை நிறுத்தி வைத்திருக்கிறவனுக்கு அந்த வேகம் எதற்கு? ஹார்டுவேர் கடையில் கிரில் கதவுக்கு வாங்குகிற சிந்தெடிக் எனாமல் மெதுவாகக் காயும். முதலில் அதில் இருக்கும் டர்பன்டைன் ஆவியாகிப் போகும். பிறகு எஞ்சியிருக்கும் பிசின் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு, நாள் கணக்கில், வாரக் கணக்கில் இறுகும். இந்த மந்தம்தான் ரோலர்காரனுக்கு அனுகூலம். ரோலர் போட்ட புள்ளிகளும் மேடு பள்ளமும் பெயிண்ட் இறுகுவதற்குள் தானாகவே சமமாகிவிட நேரம் கிடைக்கிறது.

இதை எனக்கு விளங்க வைத்தவர் தேனியில் லாரிப் பட்டறை ஒன்றில் காலமெல்லாம் பிரஷ் பிடித்த ஒரு பெரியவர். "ரோலர்ல அடிச்சா தடம் தெரியாதாண்ணே?" என்று கேட்டேன். "பெயிண்ட்டக் கெட்டியா வச்சு அடிச்சாத் தெரியத்தான் செய்யும் தம்பி. தண்ணியா வச்சுக்க. மொதக் கோட்டிங்ல பழைய கலரு தெரியணும். மூடாது. மூடலியேன்னு பயந்து மேல மேல அடிச்சீன்னா எல்லாம் கீழ எறங்கிரும்" என்றார். பிறகு என் கையைப் பிடித்து, பட்டறையில் நின்ற லாரிக் கதவு ஒன்றின் மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு தடவச் சொன்னார். கண்ணுக்குச் சமமாகத் தெரிந்த இடத்தில் விரல் நுனிக்கு ஒரு பள்ளம் தட்டுப்பட்டது. "அதுக்குத்தான் பட்டி பாக்குறது" என்றார்.

பெயிண்ட் அடிக்கிற வேலையில் பெயிண்டுக்கு ஆகும் நேரம் சொற்பம். மிச்சமெல்லாம் தேய்ப்புதான். முதலில் சோப்புத் தண்ணீரால் கழுவ வேண்டும், அதிலும் சிலிகான் பாலிஷ் போட்ட வண்டியாக இருந்தால் மிச்சமில்லாமல் கழுவ வேண்டும். அது துளி தங்கினாலும் அந்த இடத்தில் பெயிண்ட் ஒட்டாமல் குழி குழியாக விலகும். பிறகு 400ஆம் நம்பர் வாட்டர் பேப்பர். பழைய பெயிண்டில் ஈயம் கலந்திருக்கக்கூடும் என்பதால் காயத் தேய்க்கவே கூடாது. தண்ணீர் விட்டு விட்டுத் தேய்த்தால் தூள் காற்றில் பறக்காது. வீட்டுப் பெயிண்டுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. என் ஜீப் அதற்கெல்லாம் ரொம்ப மூத்தது.

துரு எங்கே இருக்கிறது என்பதைத் தேய்க்கும்போதுதான் முழுதாகப் பார்க்க முடிந்தது. முன் கண்ணாடிச் சட்டத்தின் கீழ் விளிம்பில், ரப்பர் பீடிங் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்த இடத்தில், பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. நகத்தால் கீறினால் அடியில் செம்பழுப்புப் பொடி. மட்கார்டின் உள்மடிப்பில் மலைச்சாலைச் சேறு இறுகி, மழைக்கு மழை ஊறி, தகட்டைத் தின்றிருந்தது. பின்பக்க மூலையில் தண்ணீர் வெளியேற வேண்டிய துளை அடைத்துக் கிடந்தது. இத்தனை வருடம் ஓட்டிய வண்டியின் உடம்பு எனக்கு அந்த நாட்களில்தான் பழக்கமானது. எந்தத் தகடு பிறகு மாற்றியது, எந்த வெல்டு கம்பெனி போட்டது, எது நம் ஊர்ப் பட்டறையில் வைத்தது என்று இப்போது விரலால் தடவியே சொல்லிவிடுவேன். ஷாப்பில் விட்டு எடுத்திருந்தால் மேலே மினுங்கும் வண்டி ஒன்று வந்திருக்கும். இந்த அறிமுகம் கிடைத்திருக்காது.

துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, மிச்சத்துக்கு பாஸ்பாரிக் அமிலம் கலந்த திரவம் தடவினேன். அது துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றிக் கறுக்க வைக்கும். அதன் மேல் ரெட் ஆக்சைடு பிரைமர், பிறகு பட்டி, பிறகு மறுபடியும் தேய்ப்பு.

அடிப்பதற்கு மாசி மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் காற்று. ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் கணவாய் வழியாக இறங்கும் காற்று புழுதியை வாரிக்கொண்டு வரும். ஈர எனாமலில் விழுந்த மண் துகள் அங்கேயே தங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரப்பதம், பெயிண்ட் காயாமல் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். மாசிக் காலையில் பனி உலர்ந்த பிறகு, வெயில் தகட்டைச் சுட வைப்பதற்குள் இருக்கிற இடைவெளிதான் நல்ல நேரம். வாசலைத் தண்ணீர் தெளித்து அடக்கிவிட்டுத் தொடங்குவோம்.

தொடங்குவோம் என்று பன்மையில் சொன்னது என் மகளையும் சேர்த்து. ஃபோம் ரோலர் உருளும்போது பெயிண்டுக்குள் காற்றை அடைத்து, பொடிப் பொடியாகக் குமிழி விடும். பெயிண்ட் பால் பதத்தில் இருந்தால் பெரும்பாலானவை தாமே உடைந்துவிடும். உடையாததற்கு ஆள் வேண்டும். படகுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர்கள் உலகமெங்கும் இரண்டு பேராக நின்று செய்வார்கள்: ஒருவர் ரோலர் ஓட்ட, மற்றவர் பின்னாலேயே வந்து மெத்தென்ற பிரஷ்ஷின் நுனியால் கனமே கொடுக்காமல் ஒரே இழுப்பாக இழுத்துவிடுவார். நான் ரோலர், அவள் பிரஷ். பானெட்டில் நான் ஒரு பட்டை ஓட்டி முடித்ததும் அவள் குனிந்து, பிரஷ்ஷைச் சாய்த்துப் பிடித்து, விளிம்பிலிருந்து விளிம்புக்கு நிற்காமல் இழுப்பாள். குமிழிகள் பட்பட்டென்று அடங்கி, புள்ளி புள்ளியாக இருந்த பரப்பு எங்கள் கண் முன்னாலேயே இளகிப் படிந்து, கொஞ்ச நேரத்தில் மேலே நிற்கும் வேம்பின் கிளை அதில் தெரியும். "அப்பா, வெளிம்பு காயுது, சீக்கிரம் அடுத்தது ஓட்டுங்க" என்று விரட்டுவாள். அது சரியான விரட்டல். ஈரமான விளிம்பின் மேல்தான் அடுத்த பட்டை ஏற வேண்டும். காய்ந்த பின் ஏறினால் கோடு நிரந்தரம். ஒரு தகடு எடுத்தால் அது முடிகிற மடிப்பு வரைக்கும் நிறுத்தவே கூடாது.

ஒரு கோட்டிங் நன்றாகக் காய்ந்த பிறகு 800இல் லேசாகத் தேய்த்து அடுத்தது. எட்டிப் பார்க்கும் பழைய நிறம் ஒவ்வொரு கோட்டிங்கிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கும். அவசரப்பட்டு மேலே ஏற்றினால் அடியில் ஈரம் சிறைப்பட்டு, மேல் தோல் சுருங்கிப் போகும்.

எல்லா வண்டிக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். மெட்டாலிக் நிறத்துக்கு ரோலர் கூடவே கூடாது. அதில் இருக்கும் அலுமினியத் துகள்கள் ஒரே சீராகப் படிய வேண்டும், ரோலர் அவற்றைத் திட்டுத் திட்டாகக் கூட்டிவிடும். ஹார்டனர் கலந்து அடிக்கும் இரண்டு டப்பா பி.யூ. பெயிண்ட் எனாமலைவிட உறுதியானது, வெயிலையும் அதிகம் தாங்கும். ஆனால் அந்த ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் மூச்சுக்குழலைப் பாதித்து ஆஸ்துமாவை உண்டாக்கும். அதை வீட்டில் வைத்து ஊதி அடிப்பது குழந்தைகள் இருக்கிற தெருவுக்கே கேடு. சின்னச் சின்னப் பட்டறைகளில் துணி ஒன்றை மூக்கில் கட்டிக்கொண்டு அதை அடிக்கிற பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் மனது பதறுகிறது. துணி அந்த ஆவியைத் தடுக்காது. வெளிக்காற்றைக் குழாய் வழியாகக் கொண்டுவரும் முகமூடி அவர்களுக்கு வாங்கிக் கொடுத்தே ஆக வேண்டும்.

நிறத்தைப் பற்றியும் ஒன்று. ஜீப் என்றதும் பட்டாளத்துப் பச்சை அடிக்கத்தான் பலருக்கும் ஆசை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆவது விதி ஆலிவ் பச்சையைப் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே ஒதுக்கி வைத்திருக்கிறது. வேறு நிறத்துக்கு மாறினாலும் ஆர்.சி. புத்தகத்தில் ஏற்ற வேண்டும். என் வண்டி ஆர்.சி.யில் வெள்ளை, வெள்ளையே அடித்தேன். வெள்ளைக்கு இன்னொரு குணமும் உண்டு: தகட்டின் சின்ன அலைகளைக் காட்டிக்கொடுக்காது. கறுப்பு ஒன்றையும் மறைக்காது.

கடைசிக் கோட்டிங் முடிந்ததும் உடனே பாலிஷ் போடக் கூடாது. எனாமல் நகத்துக்கு அழுந்தாத அளவுக்கு இறுக வாரங்கள் பிடிக்கும். அதன் பிறகு 1500, 2000 வாட்டர் பேப்பர், பிறகு ரப்பிங் காம்பவுண்ட். பக்கத்தில் வந்து பார்த்தால் இது ஷோரூம் வண்டி இல்லை என்று தெரியும். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, மழையில் நின்று, பிளாஸ்டிக் கூடைகளும் சாக்குகளும் உரச ஓடுகிற வண்டிக்கு அது போதும். பெயிண்டின் முதல் கடமை இரும்பைக் காப்பது, அதை இது ஒழுங்காகச் செய்கிறது.

மிச்சப்பட்ட பெயிண்டை டப்பாவிலேயே விட்டுவைக்க வேண்டாம். உள்ளிருக்கும் காற்றே அதை ஏடு கட்ட வைத்துவிடும். சின்னக் கண்ணாடி பாட்டிலில் கழுத்து வரை நிரப்பி, இறுக மூடி வையுங்கள். ஸ்ப்ரே அடித்த கதவில் ஒரு கீறல் விழுந்தால் ஷாப்பில் கதவு முழுவதையும் அடிக்கச் சொல்வார்கள். இதில் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கீறலைத் துடைத்து, லேசாகத் தேய்த்து, பாட்டிலைத் திறந்து ஒரு தொடு தொட்டால் வேலை முடிந்தது. காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம்.