மற்றத் திறப்பு

டேட்டா சென்ரர் எண்டதும் சனம் படத்தில வாற நீல வெளிச்சத்தைத்தான் நினைக்குது. நாங்கள் வேலை செய்கிற இடத்தில் குளிரும் விசிறிச் சத்தமும்தான் கூட. பக்கத்தில் நிற்கிற ஆளோடு கதைக்கவும் கத்த வேணும்.

அங்கே ஒரு சேமிப்புச் சேர்வர். முன்னும் பின்னுமாக 36 ஹார்ட் டிஸ்க். அவ்வளவும் ஒரு மருத்துவமனையின் ஸ்கான் படங்கள். பின்பக்க மூலையில் 240 ஜிபி எஸ்.எஸ்.டி. இரண்டு. அவற்றில் ஒரு ஸ்கானும் இல்லை, இயங்குதளம் மட்டும்தான். அதனால் ஒருத்தரும் கவனிக்கிறதும் இல்லை. ஆனால் மெஷின் எழும்பும்போது முதலில் தேடுவது அதைத்தான். வீட்டுக்குள் எவ்வளவு நகை இருந்தாலும் திறப்பு இல்லையெண்டால் வாசலில நிற்க வேண்டியதுதான்.

ஒன்றின் பிரதிதான் மற்றது. ஒன்று செத்தாலும் சேர்வர் நிற்காது. லினக்ஸ் பட்டியலில் சோடிக்கு இரண்டு 'யூ' எழுத்து இருக்கும். ஒரு இரவு அதில் ஒன்று வெறும் கோடாக மாறிக் கிடந்தது.

செய்முறைத் தாளின்படி வேலையைத் தொடங்கினோம். முதலில் தொடர் இலக்கம். பிழையான டிஸ்க்கை இழுத்தால் மெஷினே விழுந்துவிடும் என்பதால் இரண்டு பேர் வாசித்துச் சரிபார்த்தோம். மென்பொருளில் அதை விலக்கி, ஓடிக்கொண்டிருக்கும்போதே கழற்றி, புதியதைப் பூட்டி, சோடி சேர்த்தோம். அரை மணித்தியாலத்துக்குள் பிரதி முடிந்து கோடு மறுபடி எழுத்தானது. தாளில் அதோடு வேலை முடியுது.

"புதுசில பூட்லோடர் இருக்கே?" எண்டு எங்களில் ஒருத்தி கேட்டாள்.

நியாயமான கேள்வி. மெஷின் எழும்பும்போது வாசிக்கிற சின்னப் பகுதி பெரும்பாலும் அந்தப் பிரதி எடுப்புக்கு வெளியே இருக்கும். அதைத் தனியாகத்தான் போட வேணும். புதியதில் போட்டோம். சந்தேகத்தில் மற்றதையும் பார்த்தோம். அந்தப் பகுதி வெறுமை!

பழைய பதிவைத் தேடினால், இரண்டு வருசத்துக்கு முதல் அதுவும் மாற்றிப் பூட்டின டிஸ்க்தான். மாற்றினவர் இரண்டு எழுத்தையும் பார்த்துவிட்டு வேலையை முடித்திருக்கிறார். ஆக, இரண்டு வருசமாக உண்மையான திறப்பு ஒன்றுதான். அண்டைக்குச் செத்தது அதுதான். இடையில் மெஷினை ஒருக்காலும் நிப்பாட்டவில்லை, அதால ஒருத்தருக்கும் தெரியவில்லை. அந்த இரவு மின்சாரம் ஒருக்கா அறுந்திருந்தால் சேர்வர் எழும்பியிருக்காது. ஸ்கான்கள் அழியாது, உண்மைதான். ஆனால் விடியப்புறம் ஒரு வைத்தியர் தலை ஸ்கான் ஒன்றைப் பார்க்கக் காத்திருந்தால்?

இரண்டிலும் பூட்லோடர் போட்டாச்சு. இனித் தனித்தனியாக எழுப்பிப் பார்க்க வேணும். மேலாளர் சம்மதிக்கவில்லை.

"ஓடுற மெஷினை ஏன் நிப்பாட்டுறியள்?"

"அண்ணா, நாங்கள் நிப்பாட்டினால் நேரத்தை நாங்கள் தெரிவு செய்யலாம். அது தானா நிண்டால் ஏலாது."

யோசித்துவிட்டு ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்கு அரை மணித்தியாலம் தந்தார். பெரிய சேர்வர் எழும்பச் சில நிமிடம் பிடிக்கும். அந்த நிமிடங்களில் ஒருத்தரும் கதைக்கவில்லை. இரண்டு தரமும் எழும்பியது.

இரண்டு இருக்கு எண்ட நிம்மதியை நம்பேலாது எண்டதுக்கு வெளியிலும் சாட்சி இருக்கு. 2019 நவம்பரில் ஹெச்.பி.இ. நிறுவனம் தன்னுடைய சில எஸ்.எஸ்.டி.கள் 32,768 மணித்தியாலம் ஓடியதும் செயலிழக்கும் என்று அறிவித்தது. கிட்டத்தட்ட மூன்றே முக்கால் வருசம். காரணம் உள்ளிருக்கும் மென்பொருளின் பிழை. திருத்தாமல் விட்டால், ஒரே நாளில் பூட்டின சோடி ஏறக்குறைய ஒரே நேரத்தில் போய்விடும்.

முதல் மாற்றினவரில் எங்களுக்குக் கோபம் இல்லை. தாள் சொன்னதை அவர் செய்தார். இப்ப அந்தத் தாளில் ஒரு வரி கூட இருக்கு: "இரண்டிலும் தனித்தனியாக எழுப்பிப் பார்க்கவும்."

உங்கட வீட்டுப் படங்களும் இரண்டு டிஸ்க்கில் இருக்கலாம். இண்டைக்கு இரண்டாவதைக் கொழுவி ஒரு படத்தையாவது திறந்து பாருங்கோ.