ஓரூரில் மூன்று நாட்கள்

சனி, ஞாயிறோடு திங்களும் விடுமுறையாக அமைந்தால், பட்டியலிட்டுப் பல தலங்களுக்கு விரையும் குடும்பங்கள் உண்டு. உடன்வரும் முதியோர் களைத்துப் போகின்றனர். தரிசனமும் மனத்தில் நிற்பதில்லை.

தஞ்சைக்கு அருகே, காவிரியின் வடகரையில் உள்ள திருவையாறு வேறொரு வழியைக் காட்டுகிறது. கயிலை நோக்கி நடந்து உடல் தேய்ந்த அப்பர் பெருமான், ஈசன் ஆணைப்படி வடக்கே ஒரு பொய்கையில் மூழ்கி, இவ்வூர்க் குளத்தில் எழுந்தார். இங்கேயே கயிலைக் காட்சி கண்டார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு.

காலையில் ஐயாறப்பர், அறம்வளர்த்த நாயகி தரிசனம்; நடை சாத்திய நண்பகலில் ஓய்வு. வெயில் தாழ்ந்தபின், 1847-இல் சித்தியடைந்த தியாகராஜ சுவாமிகளின் சமாதியில் சற்று நேரம் அமரலாம், அருகிலேயே காவிரி. மறுநாளும் அதே சந்நிதி, அதே படித்துறை.

தளர்ந்த அடியவரைத் தேடிவந்து காட்சி தந்த தலம் இது. நடக்க இயலாத பெற்றோரை அழைத்துச் செல்ல இதனினும் பொருத்தமான ஊர் எது?