மழைக்கு முன்னால் வண்டியைக் கூப்பிடாதே

தம்பி, திண்டிவனம் பக்கம் வாங்கிய நிலத்தில் சொந்தமாக ஏரி வெட்டப் போகிறாய் என்று உன் அப்பா சொன்னார். சென்னையில் சம்பாதித்த காசை மனையில் முடக்காமல் தண்ணீரில் போடுகிறாயே, சந்தோஷம். அடுத்த வாரமே மண் தோண்டும் ஹிட்டாச்சி வண்டி வருகிறதாமே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

மண்வெட்டியும் கூடையுமாகக் குளம் வெட்டிய காலத்தில் வேலை ஒரு கோடையில் முடியாது. பாதியில் மழை வந்து, தண்ணீர் எந்த மூலையில் நுழைகிறது, எங்கே அரிக்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். அதைப் பார்த்து மறு வருஷம் கரையைத் திருத்துவார்கள். இப்போது சில நாளில் குழி தயார். வாடகை மணிக்கணக்கில் ஓடும்போது வண்டியை நிறுத்திவிட்டு யோசிக்க யாருக்கு மனசு வரும்?

30 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழத்தில் ஒரு பண்ணைக்குட்டை என்று வைத்துக்கொள். மிஞ்சிப்போனால் 18 லட்சம் லிட்டர் பிடிக்கும்; பக்கங்களைச் சரிவாக வெட்டினால் அதுவும் குறையும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது, உன் நிலத்துக்குப் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. அப்படியொரு மழையில் ஒரு ஏக்கரில் விழுவது மட்டும் 20 லட்சம் லிட்டர். மேட்டிலிருந்து ஓடி வருவது தனி. மிச்சத் தண்ணீர் எங்கே போகும்? உபரி நீர் வழியக் கலங்கல் வைக்காத கரை தானே ஒரு வழியை உடைத்துக்கொள்ளும். அது பெரும்பாலும் பக்கத்துக்காரன் நெல் வயலாக இருக்கும்.

தண்ணீருக்குச் செலவுக் கணக்கு தெரியாது. விழுப்புரம் அருகே தளவானூரில் தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே சுமார் 25 கோடி ரூபாயில் தடுப்பணை கட்டினார்கள். 2020இல் பயன்பாட்டுக்கு வந்தது. 2021 ஜனவரியிலேயே ஒரு பக்கம் உடைந்தது. அந்த நவம்பர் வெள்ளம் மறுபடியும் சேதப்படுத்தியது. வீடூர் அணையின் முழு நீர்மட்டம் 32 அடி என்றாலும், பெருமழையில் நிறையும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே திறந்துவிடுகிறார்கள். பிடிப்பதைவிட விடுவதில்தான் கெட்டிக்காரத்தனம் வேண்டும்.

மண்ணையும் கேள். திண்டிவனம் சுற்றுவட்டாரத்தில் பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே பாறை தட்டும்; கல்குவாரிகளைப் பார்த்திருப்பாய். கல்மரங்கள் கிடக்கும் திருவக்கரைப் பக்கமோ மணற்பாறை. அங்கே குட்டை வெட்டினால் நீர் நிற்காது, கீழே இறங்கும். அது நஷ்டமில்லை, கிணறு ஊறும். 1968இல் தொடங்கிய ஆரோவில்லில் வறண்ட செம்மண் மேட்டை மீட்க, வரப்பை உயர்த்தி மழையை நிலத்துக்குள் இறக்கினார்கள். நீ கேட்பது படகு விடும் ஏரியா, பயிருக்குத் தண்ணீரா என்பதை முதலில் முடிவுசெய். படகு என்றால், வெயில் காலத்தில் தினமும் அரை சென்டிமீட்டருக்குக் குறையாமல் ஆவியாகும் என்பதையும் எழுதி வைத்துக்கொள்.

வெட்டிய மண்ணைக் குவித்தால் அது கரையாகாது. அரை அடிக்கு ஓர் அடுக்காகக் கொட்டி, நீர் தெளித்து, ரோலர் ஓட்ட வேண்டும். அந்தக் காலத்தில் இதற்கு ஆடு மாடுகளை மிதிக்க விடுவார்கள். உபரி மண்ணை டிப்பரில் வெளியே அனுப்ப நினைத்தால் கனிமவளத் துறை அனுமதி வாங்கு. கிராம வரைபடத்தையும் புலப்படத்தையும் விஏஓவிடம் காட்டிக் கேள். நிலம் உன் பட்டாவாக இருக்கலாம். அதன் வழியே ஊர் ஏரிக்கு வரத்து வாய்க்கால் போனால் அதை மறிக்க உனக்கு உரிமையில்லை. வேலி கட்டாயம். ஊர்ப் பிள்ளைகள் குட்டையைக் கண்டால் குதிப்பார்கள்.

இந்த ஐப்பசி அடைமழையில் குடையை எடுத்துக்கொண்டு நிலம் முழுக்க நட. தண்ணீர் ஓடும் இடமெல்லாம் முளைக்குச்சி அடி. பக்கத்து நிலத்துக்காரரையும் கூட்டிப்போ. தை பிறந்ததும் என்னைக் கூப்பிடு; நல்ல வண்டிக்காரர் நம்பர் என்னிடம் இருக்கிறது.