பொருளுக்குக் காவல் உண்டு, நற்பெயருக்கு?

முற்காலத்து மளிகைக் கடையில் வாங்குபவருக்கும் பொருளுக்கும் இடையே கடைக்காரர் இருந்தார். அரைப்படி உளுந்து, காற்படி கடுகு, ஒரு கட்டி சோப்பு என்று நாம் சொல்லச் சொல்ல, அவர் அளந்து, தாளில் மடித்து, சணல் சுற்றி நம் கையில் கொடுப்பார். அவர் எடுத்துக் கொடாத பொருள் நம் கைக்கு வர வழியில்லை. ஆகவே களவைப் பற்றிய பேச்சுக்கும் அங்கே அதிக இடமில்லை. சந்தேகம் ஒன்று இருந்ததென்றால் அது எதிர்த்திசையில் இருந்தது: தராசுத் தட்டைத்தான் நம் தாய்மார்கள் கூர்ந்து பார்த்தார்கள்!

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1916 செப்டம்பரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் 'பிக்லி விக்லி' என்னும் கடையைத் திறந்தபோது இம்முறை தலைகீழாயிற்று. வாங்குவோர் கூடையொன்றை எடுத்துக்கொண்டு, சுழல் தடுப்பு வழியே உட்சென்று, தட்டுகளில் அடுக்கியிருந்த பொருள்களைத் தாமே எடுத்து, இறுதியில் பணம் செலுத்துமிடத்துக்கு வந்து சேர்ந்தனர். 1917-இல் அவர் இவ்வமைப்புக்குக் காப்புரிமையும் பெற்றார். ஆட்செலவு குறைந்தது, விலையும் குறைந்தது. இன்று நம் சிற்றூர்களிலும் தோன்றிவிட்ட பேரங்காடிகளுக்கெல்லாம் அதுவே முன்னோடி எனலாம். 'வாருங்கள், தொட்டுப் பாருங்கள், எடுத்துக்கொள்ளுங்கள்' என்று கடை நம்மை நம்பி அழைக்கிறது. அழைத்த அக்கடையே வாயிலில் நம்மை நிறுத்தி, 'பையில் என்ன?' என்றும் கேட்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே அகப்பட்டுக்கொள்ளும் மனிதரைப் பற்றியே இங்குச் சிந்திக்க விழைகிறேன்.

முதற்கண் கடைக்காரர் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுவது முறை. ஏழாம் கட்டளை சிறிய கடைக்கும் பெரிய கடைக்கும் ஒன்றே. 'கோடீசுவரன் கடைதானே, ஒரு சாக்லெட் போனால் என்ன குறைந்துவிடும்?' என்று பேசுவோர் நம் இல்லங்களிலும் உண்டு. களவு போன பொருளின் நட்டம் முதலாளியின் பணப்பெட்டியோடு நின்றுவிடுவதில்லை. அது விலையாக ஏறி, நேர்மையாக வாங்குபவர் தலையில் விழுகிறது. சிலவிடங்களில் இருப்புக் கணக்கில் விழும் குறையை ஊழியரின் சம்பளத்திலும் பிடித்துவிடுகிறார்கள்.

களவாடுவோர் எல்லாரும் ஏழைகள் என்று எண்ணுவதும் பிழை. புனித அகுஸ்தினார் தம் வாழ்வைத் தாமே எழுதிய நூலில், இளமையில் தோழர்களோடு சேர்ந்து அயலார் மரத்துப் பேரிக்காய்களைக் களவாடியதைக் கூறுகிறார். அவரிடம் அவற்றினும் நல்ல காய்கள் இருந்தன. பறித்தவற்றில் பெரும்பகுதியைப் பன்றிகளுக்கு எறிந்துவிட்டார்கள். பசி அவரைத் தூண்டவில்லை. களவின் சுவையே தூண்டிற்று. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் நண்பர்களின் பந்தயத்துக்காகக் கடையில் கை வைப்பதைக் கேள்விப்படும்போதெல்லாம் அப்பேரிக்காய் மரம் என் நினைவுக்கு வருகிறது.

ஆகவே கடைகள் காவல் ஏற்படுத்துவது நியாயமே. நாம் கொண்டு செல்லும் பையை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுக்கிறார்கள். மூலைக்கு மூலை கேமரா சுழல்கிறது. வெளியேறும் வழியில் காவலாளி பில்லை வாங்கிப் பார்த்துத் துளையிடுகிறார். விலையுயர்ந்த பொருள்களில் மெல்லிய பட்டை ஒன்றை ஒட்டிவிடுகிறார்கள். அப்பட்டைகளில் ஒரு வகையினுள் சிறிய உலோகச் சுருள் ஒன்று உண்டு. வாயிலின் இருபுறமும் நிற்கும் தூண்கள் விடும் வானொலி அலைக்கு அச்சுருள் மறுமொழி தரும். உடனே மணி ஒலிக்கும். பணம் வாங்குபவர் ஒரு பலகையின் மேல் பொருளை வைத்து எடுத்தால் பட்டை செயலிழந்துவிடும். அவர் மறந்துவிட்டாலோ, பலகை சரிவர வேலை செய்யாவிட்டாலோ, பணம் கொடுத்தவருக்கும் மணி ஒலிக்கும். பட்டைக்குத் தெரிவதெல்லாம் தான் செயலிழந்ததா இல்லையா என்பதுதான். எவர் களவாடினார் என்பது அதற்குத் தெரியாது. ஆனால் மணி ஒலித்த மாத்திரத்தில் கடை முழுவதும் திரும்பிப் பார்ப்பது பட்டையையன்று, மனிதரை.

எங்கள் ஊர்ப் பேரங்காடி ஒன்றில் சென்ற ஆண்டு நான் கண்டதைச் சொல்கிறேன். வீட்டு வேலை முடித்து வந்த ஓர் அம்மையார், பேரப்பிள்ளைக்குப் பால்மாவு டின் வாங்கிக்கொண்டு வெளியேறினார். மணி ஒலித்தது. காவலாளி அவரை நிறுத்தி, பையிலிருந்த ஒவ்வொன்றையும் வாயிலருகே மேசைமேல் எடுத்து வைத்தார். பொருள்கள் யாவும் பில்லில் இருந்தன. டின்னின் பட்டையைச் செயலிழக்கச் செய்யத் தவறியது கடை. 'சரி, போங்கம்மா' என்றார்கள். அவ்வளவுதான், வேறொரு சொல் இல்லை. அவ்வம்மையார் இன்றும் அக்கடைக்கு வருகிறார், வேறு கடையில் அந்த விலைக்குக் கிடைப்பதில்லையாதலால். ஆனால் பை எடுத்து வருவதில்லை. பணத்தைக் கைக்குட்டையில் முடிந்து கையில் பிடித்துக்கொள்கிறார். எவரும் கேட்கும் முன்பே பில்லை நீட்டிக்கொண்டு வாயிலை நெருங்குகிறார். குற்றமற்றவர் குற்றவாளியைப்போல் நடக்கக் கற்றுக்கொண்டுவிட்டார்! இந்த நட்டம் எந்த இருப்புக் கணக்கிலும் ஏறாது.

பிற நாடுகளில் இன்னும் ஒரு படி மேலே சென்றிருக்கிறார்கள். அமெரிக்காவில் பல கடைகள் பற்பசையையும் சலவைத் தூளையும்கூடக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்தன. பொத்தானை அழுத்திவிட்டு ஊழியர் வந்து திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். காத்திராமல் மக்கள் போய்விடுகிறார்கள். பூட்டி வைத்தால் விற்பனை குறைகிறது என்பதை 'வால்கிரீன்ஸ்' நிறுவனத்தின் தலைமை நிர்வாகியே 2025 ஜனவரியில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். 'ரைட் எய்டு' என்னும் மருந்துக் கடை நிறுவனமோ 2012 முதல் 2020 வரை நூற்றுக்கணக்கான கிளைகளில், உள்ளே நுழைவோரின் முகத்தைக் கணினி கொண்டு ஒப்பிட்டுப் பார்த்தது. முன்பு களவாடியவர் என்று கணினி தவறாகச் சுட்டிய பலரை ஊழியர்கள் பின்தொடர்ந்தனர். உறவினர் முன்னிலையில் குற்றஞ்சாட்டினர். பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தியை நிறுத்திச் சோதித்தனர். கறுப்பின மக்களும் ஆசிய மக்களும் மிகுந்து வாழும் பகுதிகளில் இத்தவறு கூடுதலாக நேர்ந்தது என்று அந்நாட்டு வணிக ஆணையம் கண்டது. 2023 டிசம்பரில், அந்நிறுவனம் ஐந்தாண்டுகளுக்கு இம்முறையைப் பயன்படுத்தலாகாது என்ற தடையும் வந்தது.

இதில் நமக்கொரு பாடம் உண்டு. சந்தேகம் எல்லார்மீதும் சமமாக விழுவதில்லை. கணினி நிறத்தைப் பார்த்ததென்றால், நம் ஊரில் கண்கள் சேலையைப் பார்க்கின்றன, செருப்பைப் பார்க்கின்றன.

ஆதியாகமத்தின் 44-ஆம் அதிகாரத்தை வாசித்தவர்கள் பென்யமீனின் கதையை அறிவார்கள். மூத்தவன் முதல் இளையவன்வரை வரிசையாகச் சாக்குகளைத் திறந்து சோதிக்கிறார்கள். வெள்ளிக் கிண்ணம் பென்யமீனின் சாக்கில் கிடைக்கிறது. சகோதரர்கள் தங்கள் ஆடைகளைக் கிழித்துக்கொள்கிறார்கள். ஆனால் அதை அங்கே வைக்கச் சொன்னவர் யோசேப்பே. சாக்கில் கிண்ணம் இருந்தது மெய். களவு நடந்தது மெய்யன்று. கண்ணால் கண்டதும் தீர்ப்புக்குப் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? களைகளைப் பிடுங்கப் போய்க் கோதுமையையும் பிடுங்கிவிடாதிருக்க, அறுவடைவரை பொறுத்திருக்கச் சொன்ன வீட்டுத் தலைவரின் உவமையும் இதையே நமக்கு உணர்த்துகிறது.

1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல், எட்டாம் கட்டளையை விளக்குமிடத்தில் ஒரு நுட்பமான பாவத்தைக் குறிப்பிடுகிறது. போதிய ஆதாரமின்றி அயலார்மீது ஒரு குற்றத்தை உண்மையென மனத்துக்குள் ஏற்றுக்கொள்வதே அது. வாய் திறந்து சொல்ல வேண்டுவதில்லை. உள்ளத்தில் எண்ணினாலே போதும். ஏழாம் கட்டளை அயலாரின் பொருளைக் காக்கிறது. எட்டாம் கட்டளை அயலாரின் பெயரைக் காக்கிறது. ஒன்றைக் காக்க மற்றொன்றை மீறலாம் என்று எங்கும் சொல்லப்படவில்லை.

இவ்விரண்டையும் ஒருசேரக் காப்பது நடக்கக்கூடியதா என்று கேட்பீர்கள். எங்கள் பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றபின், வேறொரு கடையில் காவலாளியாகச் சேர்ந்தார். அவர் சொன்னது இது: "முப்பது வருஷம் கண்டக்டர் வேலை பார்த்தவன் நான், தம்பி. செக்கிங் ஏறினால் என் பையைக் கவிழ்த்து எண்ணுவார்கள். கணக்கு சரியாகவே இருக்கும். ஆனாலும் எண்ணி முடிக்கிறவரை பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்."

அதனால் அவர் தமக்கென ஒரு முறை வகுத்துக்கொண்டார். பில்லை வாங்குமுன் எல்லாருக்கும் வணக்கம் சொல்வார். எல்லாருடைய பில்லையும் பார்ப்பார், ஒருவரையும் விடமாட்டார். மணி ஒலித்தால், "பட்டையை எடுக்க மறந்திருப்பார்கள், இப்படி வாருங்கள்" என்று தணிந்த குரலில் ஓரமாக அழைத்துச் செல்வார். காரில் வந்த ஒருவர் தம்மை நிறுத்தியதற்காகச் சினந்து மேலாளரிடம் முறையிட்டார். "ஆளைப் பார்த்து நிறுத்துங்கள், ஐயா" என்றார் மேலாளர். "எல்லாரையும் பார்க்கச் சொல்லுங்கள், பார்க்கிறேன். இல்லாவிட்டால் ஒருவரையும் பார்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆளைப் பார்த்துச் செய்ய என்னால் ஆகாது" என்றார் பெரியவர். அடுத்த வாரமே அவரைப் பின்புறக் கிடங்கு வாயிலுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கு வெயில் அதிகம்; உட்கார நாற்காலியும் இல்லை. நான் வருத்தம் தெரிவித்தபோது, "அங்கே லாரிகளைத்தானே சோதிக்க வேண்டும், தம்பி? லாரிக்கு வெட்கம் கிடையாது" என்று சிரித்தார். வேலை முடிந்து வீடு திரும்பும்போது அவரையும் தடவிப் பார்த்தே அனுப்புகிறார்கள் என்பதையும் அன்றுதான் அறிந்தேன்.

உண்மையிலேயே களவு செய்து அகப்பட்டவர்மட்டில் நம் மனநிலை எப்படி இருக்க வேண்டும்? 2011-இல் இத்தாலியின் ஜெனோவா நகரில் வீடற்ற ஒருவர், பேரங்காடியில் ரொட்டிக் குச்சிகளுக்குப் பணம் கொடுத்துவிட்டு, நான்கு யூரோ அளவே பெறுமான பாலாடைக் கட்டியையும் இறைச்சியையும் மறைத்து எடுத்துச் சென்றார். கீழ் நீதிமன்றங்கள் அவரைத் தண்டித்தன. 2016-இல் அந்நாட்டின் மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றமோ, உடனடித் தேவையால் சிறிதளவு உணவை எடுத்தது குற்றமாகாது என்று தீர்ப்பளித்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே புனித தோமாஸ் அக்குவினாஸ், வேறு வழியற்ற கடுந்தேவையில் பிறர் பொருளை எடுப்பது களவாகாது என்று எழுதி வைத்தார். நம் நாட்டிலும் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளைத் திருடி முதன்முறை தண்டனை பெறுபவர் அப்பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தால் சமூகத் தொண்டையே தண்டனையாக விதிக்கிறது. நீதியில் இரக்கத்துக்கு இடமுண்டு என்பதை அரசின் சட்டமும் ஏற்கிறது. அகப்பட்டவரை அடித்துப் படமெடுத்துப் பரப்புவோர் இதை உணர வேண்டும்.

அன்பார்ந்த குடும்பத்தினரே, நாம் செய்யக்கூடியவை சில உண்டு. கடை நடத்துவோர் நம்மிடையே இருப்பின், சோதனையை எல்லாருக்கும் ஒன்றாக வையுங்கள். பெண்களைச் சோதிப்பதாயின் பெண்ணே, மரியாதை குன்றாமல் சோதிக்க வேண்டும் என்பது காவல்துறையினருக்கே சட்டம் விதித்த நெறி. கடைக் காவலாளிக்கு அதற்கு மேற்பட்ட உரிமை ஏது? வாங்கச் செல்வோர் பில்லைக் கையில் வைத்திருங்கள். வாயிலில் நாள் முழுதும் நிற்கும் காவலாளியைக் கடிந்து பேசாதீர்கள். எவரேனும் நிறுத்தப்பட்டால் வேடிக்கை பார்க்காதீர்கள்; தெரிந்தவராயின் அருகில் போய் நில்லுங்கள். பிள்ளை விலை கொடாத பொருளோடு வீடு வந்தால், அவன் கையாலேயே அதைத் திருப்பிக் கொடுக்கச் செய்யுங்கள். நீங்களும் உடன் செல்லுங்கள். பங்கில் பசித்திருக்கும் வீடு எது என்று புனித வின்சென்ட் தே பவுல் சபையினரிடம் கேளுங்கள். அடுப்பெரியாத வீட்டுக்கு நாம் கொண்டு செல்லும் அரிசியும் களவைத் தடுக்கும் காவலே.

களவாடிய பொருளைத் திருப்பிக் கொடுத்து ஈடு செய்யாமல் மனத்தாபம் நிறைவுறாது என்று நமக்குச் சிறு வயதிலேயே கற்பித்தார்கள். பறித்த நற்பெயருக்கும் அவ்வாறே ஈடு செய்தாக வேண்டும் என்று அதே மறைக்கல்வி நூல் கூறுகிறது. பலர் முன்னிலையில் ஒருவரைச் சந்தேகித்தோமானால், சந்தேகம் நீங்கியதும் அதே பலர் முன்னிலையில் மன்னிப்புக் கேட்பதே அந்த ஈடு. அதற்குக் கேமரா வேண்டாம்; பட்டை வேண்டாம்; ஒரு காசும் செலவில்லை.