முருங்கைக் கிளையில் வந்து இறங்கியவர்கள்

மாசி மாதம், காலை பத்தரை மணி இருக்கும். இவர் காலை ஷிப்டுக்குப் போயிருந்தார். பிரசவத்துக்கு வந்திருந்த என் பெண் குளித்துக்கொண்டிருந்தாள். மூன்று மாதப் பேத்தி பின்வராந்தாவில் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் கொடியில் குழந்தைத் துணிகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று யாரோ கிரைண்டர் போட்டது போல் ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தால் தலைக்கு மேலே ஆகாயமே புள்ளி புள்ளியாய்ச் சுழல்கிறது. தேனீக்கள்!

வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். குழந்தையை அள்ளிக்கொண்டு உள்ளே போய், கதவு ஜன்னல் எல்லாம் அடைத்த பிறகுதான் மூச்சே வந்தது. கால் மணி நேரத்தில் சத்தம் அடங்கிவிட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கொடிக்கு நாலடி தள்ளி, முருங்கைக் கிளையில் சின்னப் பலாப்பழம் மாதிரி தொங்குகிறது. பண்ருட்டிக்குப் பக்கத்தில் இருப்பவளுக்கு வேறு என்ன தோன்றும்?

நெய்வேலி என்றால் கரியும் புகையும்தான் என்று நினைத்துக்கொண்டு வருவார்கள் எங்கள் உறவுக்காரர்கள். 1935ல் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதிலிருந்து தொடங்கியது கதை. 1957ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். ஆனால் டவுன்ஷிப்புக்குள் நுழைந்தால் வட்டம் வட்டமாகக் குவார்ட்டர்ஸ், வீட்டைச் சுற்றி மா, கொய்யா, முருங்கை. வெளியே போனால் முந்திரிக்காடு. மாசியில் மாவும் முந்திரியும் பூத்து நிற்கும்போது தேனீக்குக் கல்யாணச் சாப்பாடுதான்.

அதற்குள் விஷயம் தெரிந்து நாலு பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் தீப்பந்தம் கட்டலாம் என்றார், ஒருவர் பூச்சி மருந்து என்றார். பச்சைக் குழந்தை இருக்கும் வீடாயிற்றே, எனக்கும் "எதையாவது செய்து விரட்டுங்களேன்" என்றுதான் வாயில் வந்தது. நல்ல வேளை, எங்கள் தோட்டம் கொத்த வரும் பெரியவர் அப்போது சைக்கிளில் வந்தார். கிட்டே போய்ப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது மலைத் தேனீ இல்லம்மா, அடுக்குத் தேனீ. இங்க குடித்தனம் பண்ண வரல. வழியில உக்காந்திருக்கு. நாம சும்மா இருந்தா அது பாட்டுக்குப் போயிடும்."

பிறகு திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டே விவரம் சொன்னார். கூட்டில் ஜனம் பெருகிவிட்டால் பழைய ராணி வீட்டைப் புது ராணிக்கு விட்டுவிட்டுப் பாதிப் பேரோடு கிளம்பிவிடுமாம். (நம் வீடுகளில் எந்த மாமியார் இப்படிச் செய்கிறார் என்று பக்கத்து வீட்டு அக்கா முணுமுணுத்தார்.) கிளம்பும் முன் வயிறு முட்டத் தேன் குடித்துக்கொள்ளுமாம். ஏதாவது கிளையில் தங்கிக்கொண்டு சில தேனீக்களை இடம் பார்க்க அனுப்பும். அவை திரும்பி வந்து ஆடிக் காட்டும் ஆட்டத்திலேயே எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்று மற்றவை தெரிந்துகொள்ளும். சில மணி நேரமோ ஓரிரு நாளோதான் தங்கல். காக்கக் கூடும் குஞ்சும் இல்லாததால் அவ்வளவு சீக்கிரம் கொட்டாது. நெருப்பு, கல், தண்ணீர் என்று போனால்தான் வினை.

தண்ணீர்த் தொட்டியிலும் உயரமான மரத்திலும் ஒரே பெரிய தட்டாகத் தொங்குகிறதே, அந்த மலைத் தேனீ வேறு. அதன் கிட்டேயே போகக் கூடாது. தீயணைப்பு நிலையத்துக்குத்தான் சொல்ல வேண்டும்.

எனக்கும் ஒரு கொட்டு கிடைத்தது. கொடியிலிருந்த துணியை எடுக்கப் போனேன்; மடிப்புக்குள் ஒன்று இருந்திருக்கிறது. சுண்ணாம்பு தேட ஓடாமல் முதலில் கொடுக்கை நகத்தால் சுரண்டி எடுத்துவிட வேண்டும். அதோடு விஷப்பையும் ஒட்டியிருக்கும். தாமதிக்கத் தாமதிக்க விஷம் இறங்கும். பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவி ஐஸ் வைத்தேன், சாயங்காலத்துக்குள் வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் உதடு, முகம் வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, மயக்கம் வந்தாலோ, நிறைய இடத்தில் கொட்டியிருந்தாலோ உடனே ஆஸ்பத்திரிதான். கை வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது.

"தேன் கிடைத்தால் பேத்தி நாக்கில் தொட்டு வை" என்றார் அக்கா. அது மட்டும் வேண்டாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமி குழந்தையின் குடலில் பெருகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பெரியவர் ஒரு காலத்தில் தேனீ வளர்த்தவராம். 1991, 92ல் வைரஸ் நோய் வந்து தென்னாட்டில் பெட்டி பெட்டியாகத் தேனீ செத்தபோது அவருடையதும் போய்விட்டது. "சாயங்காலம் பழைய பெட்டியைத் துடைச்சு எடுத்தாரேன், இதைப் பிடிச்சிடலாம்" என்று வேகமாக சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார். அந்த வயதில் அப்படி ஒரு வேகத்தை நான் பார்த்ததில்லை.

மூன்றரை மணிக்கு மறுபடி அந்தக் கிரைண்டர் சத்தம். பலாப்பழம் அப்படியே கலைந்து புகையாய் எழுந்து, கூரைக்கு மேல் போய் மறைந்தது. பெண்ணும் நானும் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தோம். விரட்டச் சொன்னவளுக்கே ஏனோ வெறிச்சென்று இருந்தது.

ஐந்து மணிக்குப் பெரியவர் பெட்டியோடு வந்தார். வெறும் கிளையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "எந்தப் பக்கம் போச்சு?"

"கிழக்கே."

"தானே புயல்ல பொந்து மரமெல்லாம் சாஞ்சி போச்சேம்மா. எங்க போய் இடம் தேடுமோ" என்றார். 2011 டிசம்பர் 30ஆம் தேதி எங்கள் வீட்டுப் பலாவும் விழுந்தது நினைவுக்கு வந்தது.

பெட்டியை அவர் திரும்ப எடுத்துப் போகவில்லை. உள்ளே கொஞ்சம் தேன்மெழுகு தடவி, மாமரத்து நிழலில் வைத்தார். எறும்பு ஏறாமல் நாலு காலுக்கும் கொட்டாங்கச்சியில் தண்ணீர் ஊற்றி வைக்கிறேன். கொசு முட்டையிடாமல் அடிக்கடி மாற்றவும் மாற்றுகிறேன். இவருக்கு ரிடையர்மெண்டுக்கு இன்னும் இரண்டு வருஷம். அதன் பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். நடுவில் இரண்டு மாசி இருக்கிறது. அதற்குள் பெட்டிக்கு ஆள் வராவிட்டால், அடுத்துக் குடிவரும் அம்மாவிடம் கொட்டாங்கச்சி விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பேன்.