மாரியில் ஒரு மரதன்



எங்கள் ஊரில் மரதன் என்றால் எல்லோருக்கும் ஞாபகம் வருவது பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன்னால் நடக்கிற ஓட்டம்தான். பிள்ளைகள் இல்ல நிறத்தில் ரீ-சேட் போட்டுக்கொண்டு பாடசாலை வாசலில் கூடுவார்கள். பொலிஸார் வீதியை மறித்துத் தருவார்கள். நாலைந்து கிலோமீற்றரில் எல்லாம் முடிந்து, வென்ற பிள்ளைக்கு மூச்சு வருமுன்னே ஃபோட்டோ எடுத்து முடித்திருப்பார்கள். அதனால்தான் நாங்கள் மரதனுக்குப் பழகுகிறோம் என்று தெரிந்ததும் சிலர், "எந்த இல்லம் டீச்சர்?" என்று கேட்டார்கள். இருட்டில் கண்டவர்கள், "ஆரும் தொரத்துறாங்களா?" என்று கேட்டார்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே இடத்தில் பதில் எழுதிவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முழு மரதன் 42.195 கிலோமீற்றர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வின்ட்சர் மாளிகையில் தொடங்கி, அரங்கில் அரச குடும்பம் அமர்ந்திருந்த இடத்துக்கு முன்னால் முடியும்படி பாதை போட்டதால் வந்த கணக்கு அது. 1921இல் அதையே நிரந்தரமாக்கிவிட்டார்கள். எங்களுக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னால், சாய்ந்தமருதில் இருந்து மட்டக்களப்பு நகரம் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம். பஸ்ஸில் போனாலே அலுத்துப்போகிற தூரம். பதிவு, பதக்கம் எதுவும் இல்லாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை சுபஹ் தொழுதுவிட்டு வீட்டில் இருந்து புறப்பட்டு, வெயில் ஏறுமுன் கல்லடிப் பாலத்தைத் தாண்டி நகருக்குள் போய்விடவேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

நாங்கள் என்றால் இரண்டு பேர். ஒருவர் அட்டாளைச்சேனை கல்வியியற் கல்லூரியில் படித்து வந்த ஆசிரியை. மற்றவர் கல்முனையில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர். மூன்று பிள்ளைகள். மூத்தவர் இந்த வருடம் ஐந்தாம் ஆண்டு, அதாவது புலமைப்பரிசில். அந்த வீடு எப்படி இருக்கும் என்று ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

ஏன் ஓடுகிறோம் என்பதற்கு விடை வாப்பாவின் கால். பதினைந்து வருடமாக சீனி வருத்தம். முதலில் ஒரு விரலை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். போன வருடம் ஒக்டோபரில் கடைக்காரருக்கு வெறும் வயிற்றில் சீனி பார்த்தபோது 118. வருத்தம் என்று சொல்கிற அளவு 126, சரியான அளவு 100க்குக் கீழே. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். எங்கள் கரையோரத்தில் இந்த நடுப்பகுதியில் நிற்கிற நாற்பது வயதுக்காரர்கள் எத்தனை பேர் என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். கலியாண வீட்டு சஹனில் சுற்றி உட்காருகிற ஆறு பேரில் பாதிப் பேர் சட்டைப் பையில் குளிசையோடுதான் வருகிறார்கள். தசை வேலை செய்யும்போது இரத்தத்தில் இருக்கிற சீனியை அது இழுத்துக்கொள்கிறது. இதை வகுப்பில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். படிப்பித்துவிட்டு ஓட்டோவில் வீட்டுக்கு வருகிறோம்.

நடந்தால் போதாதா, மரதன் எதற்கு என்று உம்மாவும் கேட்டார். நியாயமான கேள்விதான். நடை என்றால் நாளைக்கு என்று தள்ளிவிடலாம். மட்டக்களப்பு வரை என்று வாயால் சொல்லிவிட்டால் தள்ள முடியாது. எங்களுக்கு எங்களைத் தெரியும்.

நவம்பர் முதல் கிழமை தொடங்கினோம். கிழமைக்கு நான்கு நாள், அதில் ஞாயிறு மட்டும் நீண்ட ஓட்டம். நோன்புக்கு முன் முடிப்பதாகக் கணக்கு. நவம்பரில் ஓடத் தொடங்குவதைக் கேட்டு ஊரே சிரித்தது. மற்ற நாடுகளில் குளிர்காலத்தில் பழகுகிறவர்களுக்குப் பனி. எங்களுக்குத் தண்ணீர்.

ஒரு மணித்தியாலம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்களுக்கு உண்மையைச் சொல்லவேண்டும். அது உம்மாவிடம் இருந்து வருகிறது. நாலேகாலுக்கு எழும்பி, ராத்திரியே பிசைந்து வைத்த மாவில் ரொட்டியைச் சுட்டு, சம்பலை அரைத்து வைத்து, சுபஹ் தொழுது, 5.20க்குப் படலையைத் திறந்தால் 6.05க்கு உள்ளே நிற்கவேண்டும். 6.15க்கு மூத்தவரை வகுப்புக்குக் கொண்டுபோகவேண்டும், 7.10க்கு பாடசாலைக்குப் புறப்படவேண்டும். அந்த நாற்பத்தைந்து நிமிடத்தில் மூன்று வயதுக்காரர் எழும்பி அழுதால் தூக்குகிற கை ஒன்று வேண்டும். எங்கள் பகுதியில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிற வழக்கம் என்பதால் உம்மா அதே வளவில் இருக்கிறார். இல்லாவிட்டால் இந்த ஓட்டம் முதல் கிழமையிலேயே முடிந்திருக்கும். ஓடுகிறவர்களின் ஃபோட்டோவில் இந்த ஆள் வருவதில்லை. உம்மாவுக்கும் முழங்கால் வலி, சுபஹுக்குப் பிறகு சற்றுச் சாய்ந்து பழகியவர். அதனால் வெள்ளியும் போயா நாளும் அவருக்கு லீவு என்று எழுதாத ஒப்பந்தம். அன்று நாங்கள் ஓடுவதில்லை, அவர் எத்தனை மணிக்கு எழும்பினாலும் தேத்தண்ணி அவர் இருக்கிற இடத்துக்குப் போகும்.

கணக்குப் பிள்ளை வாப்பா. மூத்தவரின் பழைய சீ.ஆர். கொப்பி ஒன்றில் கோடு போட்டு, திகதி, தூரம், நேரம், மழை என்று நான்கு நிரல். நாங்கள் வந்ததும் தூரத்தைக் கேட்பார், பிறகு தன்னுடைய கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். கூட்டிச் சொன்னால் பிடிபட்டுவிடும்.

நவம்பர் கடைசியில் மழை பிடித்தது. 26ஆம் திகதி மாவடிப்பள்ளியில், நிந்தவூர் மத்ரஸாவில் இருந்து சம்மாந்துறைக்கு வீடு திரும்பிய பிள்ளைகளை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அந்த நாட்களைப் பற்றி இங்கு எழுத வேண்டியதில்லை, எல்லோரும் அதற்குள்தான் இருந்தோம். உயர்தரப் பரீட்சையே ஒத்திவைக்கப்பட்டது. தோணா நிறைந்து உள்வீதிகளில் முழங்கால் தண்ணீர். மாவடிப்பள்ளிப் பக்கம் மாரி முடியும்வரை ஓடுவதில்லை என்று அன்றே முடிவெடுத்தோம். ஓடுகிற தண்ணீரின் ஆழத்தை யாராலும் கண்ணால் அளக்க முடியாது.

கொப்பியில் அந்தக் கிழமை வெறுமை. டிசம்பரில் தண்ணீர் வடிந்தும் வடியாமலும் இருந்தபோது வளவுக்குள்ளேயே ஓடினோம். கிணற்றைச் சுற்றி, மாமரத்தைச் சுற்றி, மதிலோரமாக வந்தால் ஒரு சுற்று நாற்பது மீற்றர். நூறு சுற்று, நாலு கிலோமீற்றர். வாப்பா விறாந்தையில் இருந்து ஒரு கோப்பையில் இருந்து மற்றக் கோப்பைக்குப் புளியங்கொட்டை மாற்றிக்கொண்டிருப்பார். நடுப் பிள்ளை ஒரு நாள் பார்த்துவிட்டு, "எங்கயும் போகாம ஏன் ஓடுறீங்க?" என்று கேட்டது. பதில் இன்னும் கொடுக்கவில்லை.

சப்பாத்து காய்வது தனிப் பிரச்சினை. மாரியில் ஒரு சோடி காய இரண்டு நாள் எடுக்கும். உள்ளே தாளைத் திணித்து, ஃப்ரிஜ்ஜுக்குப் பின்னால் சூடு வருகிற இடத்தில் சாய்த்து வைத்தால் ஒரு ராத்திரியில் சரி. ஆசிரியர் வீட்டில் தாளுக்குக் குறைவில்லை. மூன்றாம் தவணை மாதிரி வினாத்தாள்கள் இந்த வருடம்தான் முழுமையாகப் பயன்பட்டன.

டிசம்பர் 26, வியாழக்கிழமை. சுனாமிக்கு இருபது வருடம். உம்மாவின் தங்கை, எங்கள் சாச்சி, இரண்டு பிள்ளைகளோடு கடற்கரை வீட்டில் இருந்தார். மூவரும் திரும்பவில்லை. அதற்குப் பிறகு உம்மா கடற்கரைக்குப் போனதே இல்லை, கடற்காற்று வருகிற ஜன்னலைக்கூட வாடை காலத்தில் திறக்கவிடமாட்டார். நாங்கள் ஓடுவது கடற்கரை வீதியில்தான். வாகனம் குறைவு, நாய்த் தொல்லையும் குறைவு. மாளிகைக்காட்டு மையவாடியையே கடல் அரித்துக்கொண்டிருக்கிற கரை என்பதால் மாரியில் அலைச் சத்தம் வீதி வரை வரும். இரண்டு மாதமாக ஒன்றும் சொல்லாதவர், முதல் நாள் ராத்திரி, "நாளைக்கு மட்டும் அந்தப் பக்கம் போகாதங்க மகள்" என்றார். போகவில்லை. வளவுக்குள்ளும் ஓடவில்லை. அன்று வாப்பா கொப்பியில் திகதியை மட்டும் எழுதி வைத்திருக்கிறார்.

இனி ஊர்ப் பேச்சு. பெண் ஓடலாமா? நேரில் கேட்டவர்களை விட உம்மாவிடம் வந்து கேட்டவர்கள்தான் அதிகம். உம்மா ஓதிப் படித்தவர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஆயிஷா நாயகியோடு ஓட்டப்போட்டி வைத்ததை எடுத்துச் சொன்னார். முதல் தடவை ஆயிஷா நாயகி முந்தினார்கள், பின்னொரு காலத்தில், உடம்பு கனத்த பிறகு, நபிகளார் முந்தினார்கள். அபூதாவூதில் இருக்கிற ஹதீஸ். வந்த அயல்வீட்டு ராத்தா சும்மா இருக்கவில்லை. கூட வந்தவர்களை முன்னே போகச் சொல்லிவிட்டுத்தானே அந்த ஓட்டம் நடந்தது என்றார். அதுவும் சரி. அதனால்தான் இருட்டு நேரம், நீண்ட மேற்சட்டை, பக்கத்தில் துணை. இந்த வரையறைக்குள் எங்களுக்கு ஓட முடிகிறது. எங்கள் இருவர் மனதுக்கும் இது பொருந்துகிறது. மற்றவர்கள் அவரவர் வீட்டில் பேசி முடிவெடுக்கட்டும். பெண்ணால் இவ்வளவு தூரம் ஓட முடியாது என்று மட்டும் யாரும் சொல்லவேண்டாம். ஒலிம்பிக் காரர்களே 1984 வரை பெண்களுக்கு மரதன் வைக்காமல் இருந்தவர்கள்தான். அந்த விடயத்தில் எங்கள் ஊர் தனியாக இல்லை.

ஜனவரி நடுப்பகுதிக்குப் பிறகு வானம் கொஞ்சம் இடம் விட்டது. ஞாயிறுகளில் கல்முனை, பாண்டிருப்பு, மருதமுனை, பெரியநீலாவணை, கல்லாறு என்று பிரதான வீதியில் நீட்டினோம். பெப்ரவரியில் ஒரு நாள் களுவாஞ்சிக்குடி வரை போய்த் திரும்பினோம். முப்பது கிலோமீற்றர் அளவில் வரும். முதலில் திட்டத்தைக் கேட்டதும் வாப்பா, "களுவாஞ்சிக்குடிக்கா? இருட்டுக்குள்ளயா?" என்றார். தொண்ணூறாம் ஆண்டு அந்த வீதியில் நடந்ததை அறிந்த ஆள். அவருக்கு அந்தப் பெயர்கள் பஸ் நிறுத்தங்கள் மட்டுமல்ல. நாங்கள் போனபோது கல்லாற்றில் வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா கையைக் காட்டி நிறுத்தி, "ஆஸ்பத்திரிக்கா பிள்ள ஓடுறீங்க?" என்று பதறிப்போய்க் கேட்டார். விளக்கம் சொன்னதும் சிரித்துவிட்டு, திரும்பி வரும்போது ஒரு செம்பு தண்ணீரும் பிளேன்ரீயும் வைத்துக்கொண்டு படலையில் நின்றார். அன்றைய ஓட்டத்தில் கடைசி பத்துக் கிலோமீற்றரை இழுத்துவந்தது அந்தச் சீனி போட்ட பிளேன்ரீதான். உடம்பில் சேர்ந்திருக்கிற மாச்சத்து முப்பதுக்கு ஓரமாகத் தீர்ந்துபோகும் என்று படித்திருந்தோம். பெரியநீலாவணையைத் தாண்டியதும் இரண்டு காலும் அதை விளக்கமாகச் சொல்லித் தந்தன. இப்போது பொக்கற்றில் பேரீச்சம்பழம், போத்தலில் ஜீவனி.

போன கிழமை கடைக்காரரின் சீனி 104. டொக்டர் சந்தோஷப்பட்டார், சோற்றைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொன்னார். 104ம் இன்னும் நடுப்பகுதிதான்.

மழை எடுத்த கிழமைகளைத் திருப்பி எடுக்க முடியவில்லை. நோன்பு மார்ச் தொடக்கத்தில் வருகிறது. அதற்குள் 42ஐ எட்டுவதற்கு அவசரப்பட்டால் முழங்கால் போய்விடும். ஆகவே பெருநாளுக்குப் பிறகு. நோன்பில் எல்லாவற்றையும் விட்டுவிடுவீர்களா என்று சிலர் கேட்டார்கள். எத்தியோப்பியாவில் பிறந்து நெதர்லாந்துக்காக ஓடுகிற சிஃபான் ஹஸன், 2023 லண்டன் மரதனுக்கு நோன்பு பிடித்துக்கொண்டே பழகியவர். பெருநாள் கழிந்த கையோடு ஓடினார். அதுதான் அவருடைய முதல் மரதன். இடையில் இடுப்பு வலியில் நின்று காலை நீட்டிவிட்டு, பின்தங்கி, பிறகு எல்லோரையும் பிடித்து வென்றார். நேரம் 2 மணி 18 நிமிடம் 33 செக்கன். அடுத்த வருடம் பாரிஸ் ஒலிம்பிக் மரதனிலும் தங்கம், அதை ஹிஜாபோடு வாங்கினார். அவருடைய ஓட்ட உடையோ வேகமோ எங்களுக்கு ஒத்துவராது. நோன்போடு பழகுகிற ஒழுங்கை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். கிழமைக்கு மூன்று நாள், தராவீஹுக்குப் பிறகு வளவுக்குள், நாற்பது சுற்றுக்கு மேல் இல்லை. சஹருக்கு எழும்புகிற வீட்டில் அதற்கு மேல் யாரிடமும் நேரம் கேட்க முடியாது. உம்மாவிடம் நிச்சயமாக முடியாது. வாப்பா கொப்பியில் மார்ச் மாதத்துக்குப் புதுப் பக்கம் கோடு போட்டுவிட்டார்.

நோன்பு வரை இன்னும் இரண்டு ஞாயிறு இருக்கிறது. அந்த இரண்டு நாளும் நீண்ட ஓட்டம் இல்லை, கடற்கரை வீதியில் ஒரு மணித்தியாலம் நடை மட்டும். வர விரும்புகிற பெண்கள் சுபஹ் தொழுதுவிட்டு 5.20க்கு எங்கள் வீட்டு வாசலுக்கு வாருங்கள். மகளையோ மாமியையோ கூட்டிவரலாம், சிறு பிள்ளைகளை வளவில் விட்டுப் போகலாம், அன்றைக்குப் பார்த்துக்கொள்ளும் முறை கடைக்காரருடையது. டோர்ச் ஒன்று கொண்டு வாருங்கள். வயல் பக்கம் வெட்டு நடக்கிறது, யானை வருகிறது, ஆகவே உள்வீதியால் குறுக்கே வராமல் பிரதான வீதியால் வாருங்கள். குடை வேண்டாம், அந்தக் காற்றில் நிற்காது.