உட்கருவுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள உட்கருவே,

உத்திரமேரூர் ஏரித் தண்ணீரில் நெல் விளைவிக்கும் வீட்டிலிருந்து எழுதுகிறேன். உனக்கு நான் பட்ட முதல் நன்றிக்கடன் நெல்லில்தான். ஊறிய விதைநெல்லை ஈரச் சாக்கில் கட்டிவைத்தால் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். அந்த வேர் நுனியில் ஒவ்வொரு செல்லும் இரண்டாகப் பிரியுமுன், 24 குரோமோசோம்களையும் நீ படியெடுத்துவிடுகிறாய். அதில் பாதித் தொகுதிக்கே ஏறக்குறைய 40 கோடி டிஎன்ஏ எழுத்து. அவற்றை வாசித்து வெளியிட இந்தியா உள்ளிட்ட பல நாடுகளுக்கு 2005 வரை ஆயிற்று. உனக்குச் சில மணி நேரம் போதும்.

உட்கருவே, அறுப்பில் அரிவாள் பட்ட என் விரல் ஆறியதும் உன்னால்தான். காயத்தை மூடும் ஒவ்வொரு புதுச் செல்லுக்கும் நீ படியெடுத்தாக வேண்டும். மனிதச் செல் ஒன்றில் 640 கோடி எழுத்து இருக்கிறது. நீட்டினால் 2 மீட்டர். படியெடுக்கும் உன் நொதி நொடிக்குச் சுமார் 50 எழுத்துதான் எழுதும். பாக்டீரியாவின் நொதி ஏறக்குறைய 1,000 எழுதிவிடும். ஒரே இடத்தில் நீ தொடங்கினால் எங்கள் மிக நீண்ட குரோமோசோமுக்கு மட்டும் ஒரு மாதம் பிடிக்கும். பல்லாயிரம் இடங்களில் தொடங்கி, சுமார் 8 மணி நேரத்தில் எல்லாவற்றையும் முடிக்கிறாய்.

உட்கருவே, இத்தனை இடத்தில் தொடங்கியும் எதையும் இருமுறை படியெடுக்காத உன் கட்டுப்பாட்டுக்கு நன்றி. தொடக்க இடங்களில் எம்சிஎம் என்னும் புரத வளையங்களை முன்கூட்டியே ஏற்றிவைக்கிறாய். வேலை ஆரம்பித்ததும், செல் பிரிந்து முடியும்வரை புது வளையம் ஏறவிடுவதில்லை. எங்கள் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டும் இப்படித்தான் சொல்கிறது: ஊர்ச்சபையின் வாரியத்தில் இருந்தவர் மூன்றாண்டு கழியாமல் மறுபடி வரக் கூடாது. நாங்கள் அதைக் கல்லில் வெட்டியது 919, 921-இல். நீ அதற்குப் பல கோடி ஆண்டுகள் முந்தியவள்.

உட்கருவே, உன் பொறுமைக்கும் கடன்பட்டிருக்கிறேன். டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. நொதிக்கோ ஒரு திசைதான் தெரியும். அதனால் ஓர் இழையைத் தொடர்ச்சியாகவும், மற்றதை 100 முதல் 200 எழுத்துள்ள துண்டுகளாகவும் எழுதி ஒட்டுகிறாய். இத்தகைய துண்டுகளை முதலில் பாக்டீரியாவில் கண்டவர்கள் ஜப்பானின் ரெய்ஜி, சுனெகோ ஒகசாகி தம்பதி. ஹிரோஷிமா குண்டுவீச்சில் பிழைத்த ரெய்ஜி, 1975-இல் ரத்தப் புற்றுநோயால் 44 வயதில் இறந்தார்.

உட்கருவே, உன் பிழைக்கும் நன்றி சொல்ல வேண்டும். எழுதும்போதே திருத்துகிறாய், தப்பியதைப் பழுதுபார்க்கும் புரதங்கள் பிடிக்கின்றன. கடைசியில் நூறு கோடி எழுத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் தவறு மிஞ்சுகிறது. கிச்சிலிச் சம்பாவும் சீரகச் சம்பாவும் வேறுவேறாக இருப்பது அப்படி மிஞ்சிச் சேர்ந்த மாற்றங்களால்தான். அதே தவறு சில செல்களைப் புற்றாக்கவும் செய்கிறது. அப்போது காஞ்சிபுரம் காரைப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனைக்கு ஓடுகிறோம். புற்றுநோய் மருந்துகள் பலவும் உன் படியெடுப்பைத் தடுத்துத்தான் வேலை செய்கின்றன. விடாமல் பிரியும் மயிர்க்கால் செல்களும் அதில் சிக்குவதால் முடி கொட்டுகிறது. உன்னை நிறுத்தினால் எதை இழப்போம் என்று அப்போது தெரிகிறது.

உட்கருவே, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நீ ஒரு மதிப்பெண் கேள்வியாகவே அறிமுகமாகிறாய். இந்த மடலை எட்டிப் படிக்கும் ஆசிரியர்களே, சாயம் தோய்த்த வெங்காய வேர் நுனியை ஒருமுறையாவது நுண்ணோக்கியில் அவர்களுக்குக் காட்டுங்கள்.